முடிவுக் குறிக்குக் கீழே

ஒரே கோப்பை இரண்டு முறை படித்தால் ஒரே பதில்தான் வர வேண்டும். மத்தியானம் ஹெல்வி படித்தபோது ‘படுக்கையறை: பயன்பாட்டில்’ என்று இருந்தது. இப்போது, சாயங்காலமே ஆகாத நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே இருட்டு கவிந்து கடலும் பனியும் ஒன்றாகிவிட்ட பிறகு, அதே கோப்பை மறுபடி படித்தாள். ‘படுக்கையறை: காலி’ என்றது. இடையில் நடந்ததெல்லாம் ஒன்றுதான். கணவன் ரெய்யோ மாடியில் தூக்கம் கலைந்து எழுந்து கீழே வந்திருந்தான்.

அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட அவளுக்கு அப்போது தோன்றவில்லை. காபியைக் குடித்துவிட்டு, எங்கே பிழை விட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் அதைச் செய்தவன் ஒரு பட்டியல் எழுதி வைத்திருப்பான். பெட்டி எதனால் ஆனது, எந்த இடம் நிரம்பியிருக்கிறது, எது காலி, எந்தப் பாகத்தை இயந்திரத்தை நிறுத்தாமல் ஓடும்போதே மாற்றலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு வரி கட்டளை தட்டினால் அந்தப் பட்டியலைப் படித்து வரிவரியாகக் காட்டுகிற சின்ன நிரல் கைவோ. வடக்குக் கடலோர ராஹே ஊரின் இந்தச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஹெல்வி அதைப் பல வருஷங்களாகப் பராமரிக்கிறாள். சம்பளம் கிடையாது. உலகத்தில் உள்ள எல்லா இயந்திரத்தையும் அவள் வாங்கிவைக்க முடியுமா? கைவோ தப்பாகப் படித்தால் அந்தந்த ஆட்களே தங்கள் பட்டியலைக் கோப்பாக்கி அனுப்புவார்கள், கூடவே நாலு வசவும் வரும். நன்றி என்று எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இலையுதிர் காலத்தில் ஹல்லா என்று கையெழுத்துப் போடும் ஒருவன் வந்து சேர்ந்தான். அவன் அனுப்பிய பட்டியல் விசித்திரமாக இருந்தது. பெட்டி: மரம். சமையலறை, படுக்கையறை, வாசல் கதவு. அதன்பின் முடிவுக் குறி. கோடைக்குடிசை வைத்திருக்கும் எவனோ பொழுதுபோகாமல் எழுதிய பட்டியல் என்று அவள் நினைத்தாள். அப்படிப்பட்ட கிறுக்கர்கள் உண்டு. ஹல்லாவின் புகார் ஒன்றே ஒன்றுதான்.

‘உன் கருவி நிலவறைக்கு முன்னாடியே நின்னுடுது. கீழே இருக்கு. படி.’

முடிவுக் குறி வந்தால் நிற்க வேண்டும், அதற்குக் கீழே கிடப்பது குப்பை, அது யாருக்கும் சொந்தமில்லை என்று அவள் பொறுமையாகப் பதில் எழுதினாள். மறுநாள் வசவு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. சோம்பேறி என்றான், குருடி என்றான், உன்னை மாதிரி ஆளுக்கு எதுக்குக் கருவி என்றான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நேற்று ராத்திரி அவள் பொறுமை அறுந்துபோனது. குறியைக் கண்டதும் நிற்கச் சொல்லும் அந்த ஒற்றை வரியை நீக்கினாள். எப்போதும் அவள் வேலையைச் சரிபார்க்கும் கோத்தன்பர்க் நகரத்து நண்பன் பிர்கரிடம் காட்டாமலே புதிய பதிப்பை வெளியிட்டாள். இந்தா, உன் குப்பையை நீயே தின்னு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கீழே நிலவறையில் சவுனா இருந்தது, சூடான கற்களில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கும் அறை. நிலவறைக் கதவருகே ரெய்யோ துண்டும் பீரும் சாசேஜுமாக நின்றான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கைவோ என்பது அவனைப் பொறுத்தவரை பெண்டாட்டி சோறு மறந்து விழுந்துகிடக்கும் ஒரு பொந்து. அது என்ன செய்கிறது என்று இத்தனை வருஷத்தில் அவன் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை, அவள் சொன்னதுமில்லை.

“கிழவி, சனிக்கிழமை. அடுப்பு சூடாயிடுச்சு. வர்றியா, இல்ல அந்த லாப்டாப்பையே கட்டிக்கிட்டு உக்காரப் போறியா?”

“நீ போய்யா. இதை முடிச்சுட்டு வந்துடறேன்.”

“நீ முடிச்சு வர்றதுக்குள்ள நான் வெந்துடுவேன். கடைசித் தண்ணிய மட்டும் விட்டு வைக்கிறேன். நீ ஊத்திக்கோ, இல்லாட்டி நமக்கப்புறம் வர்றவர் ஊத்திக்கட்டும்.”

எல்லா வீட்டிலும் சொல்கிற வழக்கமான பேச்சுதான். மனுஷர்கள் குளித்து முடித்தபின் சவுனாவின் கடைசி ஆவி வேறொருவருக்கு. யாரென்று யாரும் கேட்பதில்லை. அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். படிகள் அவன் கனத்துக்கு வழக்கம்போல் முனகின.

இதுவரை பழைய பதிப்பிலேயே படித்துவந்த ஹல்லாவின் கோப்பின் மேல் ஹெல்வி புதிய பதிப்பை முதல்முறையாக ஓட்டினாள். சமையலறை: பயன்பாட்டில். படுக்கையறை: காலி. வாசல் கதவு: பூட்டியது. முடிவுக் குறி. அதோடு நிற்காமல் வரிகள் கீழே இறங்கின. குப்பை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. ஒழுங்காக, சுத்தமாக, மேலே எழுதிய அதே கை எழுதியதுபோல் வந்தது.

நிலவறைப் படி: காலி. சவுனா: பயன்பாட்டில். உள்ளே: ஒன்று. ஓடும்போதே மாற்றலாம்: ஆம்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் படுபாவி எங்கேயோ நின்று வீட்டை வேவு பார்க்கிறானா? ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். வாசல் கதவைப் பார்த்தாள். பூட்டியிருந்தது. நிலவறைக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள். பிர்ச் மர விறகின் புகைவாசம், ஈர மரத்தின் வாசம், அதற்கடியில் எப்போதும் இல்லாத ஒன்று, பனிக்காலத்தில் தோண்டிய மண்ணின் வாசம் போல லேசாக.

“ரெய்யோ?”

“என்னா?”

“ஒண்ணுமில்ல.”

போன் அடித்தது. பிர்கர். ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள்.

“முடிவுக் குறி வரியை ஏன் தூக்கினே, ஹெல்வி? அது என்ன அழகுக்கா இருந்துச்சு?”

“தெரியும். கோபத்துல பண்ணிட்டேன்.”

“ஊரெல்லாம் அந்தப் பதிப்பை இறக்கிட்டு இருக்காங்க. எல்லை தாண்டிப் படிச்சா என்ன வரும்னு யாருக்குத் தெரியும்? முதல்ல அதைத் திருப்பி வை.”

“பிர்கர், இதைக் கேளு. இந்தக் கோப்பு...” அவனுக்குச் சொல்லிக்காட்ட மறுபடி ஓட்டினாள். சவுனா: பயன்பாட்டில். உள்ளே: இரண்டு.

அவள் நிறுத்தினாள்.

“என்ன?”

“ஒண்ணு இருந்துச்சு. இப்போ ரெண்டுங்குது.”

“கோப்பு எப்படி மாறும்? கைரேகையைப் பாரு.”

ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் அந்த எண்ணை, கோப்பின் கைரேகையை, கணக்கிட்டுப் பார்த்தாள். இலையுதிர் காலத்தில் குறித்துவைத்த அதே கைரேகை. கோப்பு மாறவில்லை. கைவோ சரிபார்க்காது, யோசிக்காது, எழுதியிருப்பதைச் சொல்லும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அப்படியானால் கோப்பு மாறாமலே அதை எழுதியவன் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறானா?

கீழே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சூடான கற்கள் சீறின. அடங்குவதற்குள் மறுபடி. மறுபடி. ரெய்யோ அப்படி ஊற்ற மாட்டான், நிதானமாக ஊற்றுகிறவன். சீறலுக்கு நடுவே அவன் குரல் தாழ்வாக யாரிடமோ பேசுவது கேட்டது. அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“யாருகூடய்யா பேசறே?”

பேச்சு நின்றது.

“யாருமில்ல, கிழவி.”

அவளுக்கு மூச்சு வந்தது. அதே கணம், அதே குரலில், அதே இழுப்பில், இரண்டடி தள்ளி:

“யாருமில்ல, கிழவி.”

முதல் படி முனகியது.

அவள் மேஜைக்கு ஓடினாள். கட்டளை. நிலவறைப் படி: பயன்பாட்டில். சவுனா: பயன்பாட்டில். ஒன்று கீழே இருக்கிறது. ஒன்று ஏறி வருகிறது. எது?

“ஹெல்வி? என்ன சத்தம்?” என்றான் பிர்கர்.

“ஏறி வருது.”

“எது? அந்த வரியைத் திருப்பி வைடி, சொல்றேன்ல.”

இரண்டாவது படி. நேற்று நீக்கிய வரியைத் தேடினாள். மூன்றாவது. கைப்பிடியில் ஈரக் கை வழுக்கும் கீச்சொலி. வரியைத் தட்டினாள். தப்பு. அழித்துத் தட்டினாள். நிரலைத் திரும்பக் கட்டினாள். பனியில் தோண்டிய மண்வாசம் சமையலறைக்குள் வந்துவிட்டது. ஓட்டினாள்.

சமையலறை: பயன்பாட்டில். படுக்கையறை: காலி. வாசல் கதவு: பூட்டியது. முடிவுக் குறி.

நின்றது.

காலடியும் நின்றது. தூக்கிய கால் படியில் விழவே இல்லை. தண்ணீர் சீறலும் இல்லை, வாசமும் இல்லை. குளிர்சாதனப் பெட்டி மட்டும் முனகியது.

“நின்னுடுச்சா?”

“நின்னுடுச்சு.”

“அவ்வளவுதான். திருத்தின பதிப்பை வெளியிட்டுட்டுப் போய்க் குளி. ரெய்யோவைக் கேட்டதாச் சொல்லு.” அவன் போனை வைத்தான்.

அவள் போனை ஓரமாகத் தள்ளிவைத்தாள். பிறகு கூப்பிட்டாள். “ரெய்யோ?” எழுந்து திரும்பினாள்.

நிலவறைக் கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது.

மற்றச் சுவர்களின் அதே வெளிர் மஞ்சள் சாயம். பழைய சாயம்தான், எண்ணெய்ப் பிசுக்கு படிந்தது, என்றைக்குமே அங்கே கதவு இருந்திராததுபோல். ரெய்யோவின் குளியல் அங்கி மாட்டிய கொக்கி மட்டும் மிச்சம். அங்கி ஆடிக்கொண்டிருந்தது.

அவள் சுவரை அறைந்தாள். பலகையில் காதை ஒட்டிவைத்துக் கேட்டாள். எங்கோ ஆழத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல்:

“கிழவி, கதவைத் திற. சூடு தாங்கல.”

சற்றுத் தள்ளி:

“கிழவி, கதவைத் திற. சூடு தாங்கல.”

விறகை அவன் நிறைய அடுக்கியிருந்தான், அவளும் வருவாள் என்று. அது அணைய வெகு நேரமாகும். உள்ளே இருக்கிற இரண்டில் ஒன்று இருபது வயதிலிருந்து அவளைக் கிழவி என்று கூப்பிடுகிறவன். அவனை அவள் கையாலேயே குறிக்கு அந்தப் பக்கம் போட்டு மூடிவிட்டாள். இப்படியே விட்டால் அவன் வெந்து சாவான். திறந்தால் மற்றதும் வரும். அவளால் யோசிக்க முடியவில்லை. யோசிக்க விரும்பவும் இல்லை. ரெய்யோ வேண்டும், அவ்வளவுதான்.

குரல்கள் தளர்ந்தன. ஒன்று இருமியது.

அவள் வரியை அழித்தாள். கட்டினாள். ஓட்டினாள்.

கதவு இருந்தது. கைப்பிடி திரும்பியது. ஆவி உள்ளே சரிந்தது. ரெய்யோ வந்தான், உடம்பெல்லாம் சிவந்து, நனைந்து, இடுப்பில் துண்டோடு. மூச்சு இரைக்க அவளை இழுத்து அணைத்துக்கொண்டான். சூடாக இருந்தான். பிர்ச் இலை வாசம் அடித்தான். தோளில் அந்தப் பழைய கிரேன் வடுவும் இருந்தது. அவள் அதில் முகம் புதைத்து வாய்விட்டு அழுதாள்.

“என்னா கிழவி, பூட்டிட்டியா?”

“மன்னிச்சுடு. மன்னிச்சுடுய்யா.”

அவன் தோளுக்கு மேல் திரை தெரிந்தது. சமையலறை: பயன்பாட்டில். உள்ளே: இரண்டு. வரிகள் இன்னும் கீழே இறங்கின. நிலவறைப் படி: காலி. சவுனா: பயன்பாட்டில். உள்ளே: ஒன்று.

மூலையில் ஒரு மெயில் வந்து விழுந்தது. ஹல்லா. ஒரே சொல். நன்றி.

கீழே யாரோ மரக்கதவைத் தட்டினார்கள். மெதுவாக. உள்ளங்கையால். ஒரு தட்டு, இடைவெளி, இன்னொரு தட்டு. அவளுடைய பெயரைச் சொல்லவும் தெம்பில்லாத ஒருவர் தட்டுவதுபோல்.

அணைத்த கை தளரவில்லை. அவன் குதிகாலால் நிலவறைக் கதவைத் தள்ளிச் சாத்தினான். மோவாயை அவள் தலையில் வைத்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிடும் குரலில், மெல்லச் சொன்னான்.

“போதும் கிழவி. முடிவுக் குறியைத் திருப்பி வை.”