இரண்டாவது விளி

அபின் கிட்டார் தந்தியை ஒரு முறைதான் தட்டினான். இரண்டு முறை கேட்டது.

முதல் சத்தம் ஹெட்போன் மெத்தைக்கு வெளியே, ஓட்டுக்கூரையில் விழும் மழையோடு கலந்து மெலிதாக வந்தது. இரண்டாவது, அரை நொடி கழித்து, காதுக்குள்ளேயே கனத்து, முதுகுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து அவனைப் போலவே வாசித்துக் காட்டுவது மாதிரி வந்தது. அவன் நிறுத்தினான். அரை நொடி கழித்து அதுவும் நிறுத்தியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மனைவி அஜிதா கேலி செய்வாள் என்பதால் முதலில் தன் விரல்களைத்தான் சந்தேகப்பட்டான்.

குளச்சலுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த வீடு. ஜூன் மாத எடவப்பாதி மழை பிடித்து மூன்று நாளாகியிருந்தது. பகல் இரண்டு மணிக்கே அறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. அஜிதா நாகர்கோவிலில் நர்ஸ். வேலை முடிந்து ஆறு மணிக்குத்தான் வருவாள். காய்ச்சல் மருந்து குடித்த நான்கு வயது மகள் ஜெமி பக்கத்து அறையில் உறங்கிக்கொண்டிருந்தாள். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த மனிதன் சும்மா இருந்திருக்கலாம். மாதா கோவில் திருவிழா சீடிக்குக் கிட்டார் பதிந்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். எந்த மென்பொருள், எந்த சவுண்ட் கார்டு என்று ஒரு வாரமாக அதே பேச்சு. கோட்டாற்றில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சிநேகிதன் ஜான்ரோஸுக்கு மறுபடியும் போன் போட்டான்.

“ஏலே, சாஃப்ட்வேர் மூணு மாத்தியாச்சு. ஒரு தட்டுக்கு ரெண்டு சத்தம் கேக்குது.”

“சாஃப்ட்வேர் என்ன செய்யும் மக்கா? கம்ப்யூட்டருக்க கூடவே வந்த கார்டுல்லா அது. மைக்குல கேறுனத பைய செமந்துட்டு வந்துதான் உனக்க காதுல போடும். நல்ல கார்டு ஒண்ணு வாங்குன்னா கேக்கியா?”

“அப்பம் ரெண்டாத்தான் பதியுமா?”

“இல்லலே. பதியது ஒண்ணுதான். ரெண்டாமத்தது உனக்க ஹெட்போனுக்குள்ள மட்டும்தான் உண்டு. அத நம்பாத, என்னா?”

சவத்த விடு, இன்றைக்கு இதை வைத்தே ஒப்பேற்றலாம் என்று முடிவு செய்தான். பதிவுப் பொத்தானை அமுக்கி, மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினான். தாமதமாக வரும் தன் வாசிப்பின் மேலேயே தானும் வாசித்துக்கொண்டு போனான். மழை, தென்னை ஓலை உரசல், தூரத்தில் கடல், எல்லாமே இரண்டிரண்டாகக் கேட்டன.

“ஜெமிக்கப்பா.”

“ஜெமிக்கப்பா.”

அஜிதாவின் குரல். அடுக்களைப் பக்கம். கல்யாணமான புதிதில், யாராவது கூப்பிட்டால் உடனே பதில் கொடுப்பதைப் பற்றி அவள் ஒரு காரியம் சொல்லியிருந்தாள். “ஒத்த விளிக்கு விளி கேக்கப்பிடாது. மனுசரு ரெண்டு மட்டம் விளிப்பாவ. அதுக்கு ஒரு மூச்சுக்கு ஒரு மட்டம்தான் விளிக்க முடியும். நீங்க விளி கேட்டா அத உள்ள கேறி வான்னு சொன்ன மாதிரி. கேறிச்சின்னா வெறுங்கையோட போவாது.” அது எது என்று கேட்டதற்குச் சிலுவை போட்டுக்கொண்டாள். அபின் சிரித்தான். ஆனாலும் யார் கூப்பிட்டாலும் இரண்டாவது விளி வருகிறவரை வாயைத் திறக்காத பழக்கம் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. ஜெமிக்கும் அதே பழக்கம்.

இப்போதும் இரண்டு முறை கேட்ட பிறகுதான் பதில் சொன்னான்.

“என்னட்டி, இன்னைக்கு நேரத்தோட வந்தியா? கேறி வா, பொறவாசல் தொறந்துதான் கெடக்கு.”

யாரும் வரவில்லை. குடையை மடக்கும் சத்தமில்லை, செருப்பைக் கழற்றும் சத்தமில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. எட்டிப் பார்க்கலாம் என்று எழுந்தவனின் கண் திரையில் நின்றது. அவன் பேசியது அலைக்கோட்டில் ஒரு மேடாகப் பதிந்திருந்தது. அதற்கு முன்னால் அவள் கூப்பிட்டது இன்னொரு மேடு.

ஒரே ஒரு மேடு.

விரல் வைத்து எண்ணினான். ஒன்றுதான். ஜான்ரோஸ் சொன்னது காதில் ஒலித்தது. பதிவது ஒன்றுதான். இரண்டாவது ஹெட்போனுக்குள் மட்டும்தான்.

அஜிதாவுக்குப் போன் போட்டான். எடுத்துவிட்டாள்.

“நான் வார்டுலல்லா நிக்கேன். என்னா, பிள்ளைக்குக் காய்ச்சல் கூடிச்சா?”

என்னவென்று சொல்வான்? உன் குரலில் எதுவோ கூப்பிட்டது, நான் கதவைத் திறந்து கொடுத்துவிட்டேன் என்றா?

“ஒண்ணுமில்ல. நீ வா. சீக்கிரம் வா.”

போனை வைத்தபோதுதான் வாடை வந்தது. படகின் அடியில் நாள்கணக்காகத் தேங்கிய கடல்நீரின் வாடை. ஹெட்போன் இன்னும் தலையில் இருந்தது. பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. நனைந்த கால் ஒன்று அடுக்களைத் தரையில் ஊன்றும் சத்தம், வெளியே மெலிதாக. பிறகு காதுக்குள், கனமாக. மறுபடியும் ஒன்று. அது அவனிடம் வரவில்லை. அடுக்களையிலிருந்து ஜெமியின் அறைக்குத் திரும்பும் நடைவழியில் போய்க்கொண்டிருந்தது.

அங்கே படுத்திருப்பது அவனுடைய பிள்ளை. இருந்தது ஒன்றே ஒன்று.

“ஜெமி.”

அஜிதாவின் குரலில் அது கூப்பிட்டது. காதுக்குள் மறுபடியும்: “ஜெமி.”

பக்கத்து அறையிலிருந்து பதில் இல்லை. பிள்ளை முழித்திருந்தாலும் இரண்டாவது விளிக்காகக் காத்திருப்பாள். இரண்டாவது அவளுக்குக் கேட்காது. அது அவன் காதுக்குள் மட்டும்தான் இருக்கிறது. மாதாவே, மாதாவே என்றபடி ஓட்டமெடுத்தான்.

ஹெட்போன் தலையில் இருப்பது மறந்துபோயிற்று.

வயர் இழுபட்டது. கம்ப்யூட்டரில் செருகியிருந்த அதன் முனை கழன்றது. மேஜைமேல் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரு முறை முனகிவிட்டு, வீட்டிலுள்ள சத்தத்தையெல்லாம் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தன.

ஜெமியின் அறைப் பக்கம் குரல் இன்னொரு முறை கேட்டது. “ஜெமி.”

ஸ்பீக்கர் சொன்னது, ஜெமி. அதை மைக் கேட்டது. ஸ்பீக்கர் மறுபடியும் சொன்னது, ஜெமி. ஜெமி. ஜெமி. ஜெமி. வீடு முழுக்க அஜிதாவின் குரல்.

“என்னம்மா?”

விளி கேட்டது ஜெமி. ஸ்பீக்கர் அதையும் சொன்னது. என்னம்மா. என்னம்மா. என்னம்மா.

“விளி கேக்காத மக்கா!” என்று கத்தினான். அவன் குரலும் அந்தக் கூட்டத்துக்குள் போய்க் கலந்துவிட்டது. விளி கேக்காத. என்னம்மா. ஜெமி. விளி கேக்காத.

ஜெமி அறையைவிட்டு வந்துவிட்டிருந்தாள். தூக்கக் கலக்கம். கலைந்த முடி. வலது கையை உயரத் தூக்கியிருந்தாள், பெரியவர் கையைப் பிடித்து நடக்கிற பிள்ளையைப் போல.

பக்கத்தில் யாரும் இல்லை.

பின்வாசலை நோக்கி நடந்தவளைப் படியில் எட்டிப் பிடித்தான். இடது கை கிடைத்தது. காய்ச்சலில் கொதிக்கும் சின்னக் கை. இழுத்தான். அவள் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான்.

“நோவுது அப்பா! விடுங்கப்பா! அம்மா விளிக்கா!”

விடுங்கப்பா. விடுங்கப்பா. விடுங்கப்பா. மேஜைக்கு ஓடி அதை நிறுத்த வேண்டும் என்றால் கையை விட வேண்டும். இழுத்தால் தோள் கழன்றுவிடும். அழுதான். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

ஜெமியின் வலது கை வாசலுக்கு வெளியே மழைக்குள் விறைப்பாக நீண்டிருந்தது. மணிக்கட்டில் நான்கு விரல் அளவுக்குச் சதை குழிந்து வெளுத்துக்கொண்டே வந்தது. பிள்ளையின் கால்கள் தரையிலிருந்து மெதுவாக எழும்பின.