பஸ்ராவிலிருந்து வந்தவள்

பிள்ளைக்குப் பசிக்கவில்லை. அதுதான் முதலில் புஷ்பவல்லியை உறுத்தியது. விடியற்காலையில் குடித்த பால்தான். மத்தியானச் சங்கும் ஊதியாகிவிட்டது. ஐந்து மாதப் பிள்ளை இந்நேரம் வீட்டை இரண்டாக்கியிருக்க வேண்டாமா? மார்பில் சேர்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறு கும்மென்று நிறைந்திருந்தது. குனிந்து வாயை முகர்ந்தாள். பால் வாசனை இல்லை, மழை விழுந்த கல்லின் வாசனை. உதட்டோரம் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்தாள், மாவாக வந்தது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் சுவருக்குச் சுவர் ஒட்டித்தான் குடித்தனம். பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். அன்று எதுவுமே கேட்கவில்லை. கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது. யார் வந்து பால் கொடுத்தது? அவள் கண் தானாக அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அங்கே கல் பொம்பளை உட்கார்ந்திருந்தாள், ஒரு முழ உயரத்தில். நேற்றுவரை வாசலைப் பார்த்திருந்தவள் இன்று தூளியைப் பார்த்திருந்தாள். அந்தக் கல் மார்பு ஈரமாக இருந்தது.

அது அவள் புருஷன் தம்புசாமி கொண்டுவந்தது. சண்டைக்காலத்தில் பஸ்ராப் பக்கம் தண்டவாளம் போடப் போயிருந்தான். பட்டாளம் பிடித்த ஏதோ ஓர் ஊரில் செத்த காலேஜைத் திறந்துபோட்டார்களாம். மியூசியத்துக்கு அவனுடைய பட்டணத்துப் பேர் அது. வந்தவன் போனவன் எல்லாம் கைக்கு அகப்பட்டதைத் தூக்க, இவனும் தூக்கினான். திருட்டுச் சாமானுக்கு வீட்டில் அலமாரி மரியாதை வேறு.

சாயங்காலம் செந்தூல் ரயில் பட்டறையிலிருந்து வேலை முடிந்து வந்தவனை வாசலிலேயே மறித்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. அவகூட வேற என்ன இருந்துச்சு?"

தம்புசாமி சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். "மடியில ஒரு பிள்ளை. அது தனிக் கல்லு. ரெண்டும் பாரமா இருக்கேன்னு விட்டுட்டு வந்துட்டேன்."

"தாயைத் தூக்கிட்டு, பிள்ளையை விட்டுட்டா வந்தீங்க?"

"கல்லுதானே, புஷ்பம்."

அன்று அவள் பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவே இல்லை.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் பிள்ளையைப் பக்கத்து வீட்டு இராஜம்மாவிடம் கொடுத்தாள். கல் பொம்பளையைப் பழைய புடவையில் சுற்றி, இடுப்பில் வைத்து, தண்டவாளம் தாண்டி கிள்ளான் ஆற்றுக்கு நடந்தாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில்லை. பாதி வழியில் இடுப்பில் இருந்தது சூடாகத் தொடங்கியது. அவளுக்கு அழுகை வந்தது. பயத்தில்தான்.

கரையில் குனிந்து மூட்டையை நீரில் விட்டாள். கலங்கல் தண்ணீர் வாய்மூடிக்கொண்டது. அப்பாடா என்று நிமிர்ந்து திரும்பியவளின் வாய், யாரை அனுப்பினாலும் சொல்கிற சொல்லைத் தானாகச் சொல்லிவிட்டது.

"போயிட்டு வா."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. வெறும் 'போ' சொல்லிப் பழகாத நாக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். நீர்க்குமிழிகள் நடு ஆற்றை நோக்கிப் போகவில்லை. கரையை நோக்கி வந்தன.

ஓடினாள். செருப்பு அறுந்தது. மழை பிடித்துக்கொண்டது.

இராஜம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை இல்லை.

"அக்கா, பிள்ளை?"

"என்னடி கேள்வி? இப்பத்தானே வாங்கிட்டுப் போனே! புடவையெல்லாம் தண்ணி சொட்டச் சொட்ட வந்து நின்னே. என்ன கேட்டாலும் 'வந்துட்டேன்'னு ஒரே வார்த்தைதான் சொன்னே."

புஷ்பவல்லியின் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

தரையில் ஈரக் காலடிகள். உள்ளே போனவை. வெளியே வந்தவை இல்லை.

தூளி ஆடிக்கொண்டிருந்தது. மெதுவாக. உத்தரத்தில் கயிறு பாரம் தாங்காமல் முனகியது.

துணியை விலக்கினாள்.

பிள்ளை கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தது. காலையில் வைத்த மைப்பொட்டு கன்னத்தில் கலையாமல் இருந்தது. கன்னம் சாம்பல் நிறம். தொட்டாள்.

கல். சூடு இன்னும் ஆறவில்லை.

தூளியின் அந்தப் பக்கத்தில், அதை ஆட்டிக்கொண்டிருந்த ஈரக் கை நிற்கவே இல்லை.