நீளத்தட்டு

பரமகுரு கதவைத் திறந்தபோது வாசலில் வண்டி நீளத்தட்டாக நின்றது. கடலை மிட்டாய்ப் பெட்டிகளுக்கான அடுக்குகளைக் காணோம். பின்பக்கம் ஆறடிக்கு மேல் சமமாக நீண்டிருந்தது. இரு ஓரமும் முழங்கை உயரத்துக்குக் கம்பி, ஒரு முனையில் தலை வைக்க மேடு. கூரை இல்லை.

எதிர்வீட்டுத் திரவியம் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு வந்தார்.

“என்ன மாப்ள, வண்டி இப்பிடி நிக்கி?”

“தெரியல மாமா.”

“கேட்டியா?”

“இல்ல.”

“கேக்காத. வெள்ளனவே அத வேற அது வாயால கேக்கணுமாக்கும்.”

கோவில்பட்டியில் அப்போது வீட்டுக்கு வீடு பல்லுரு வண்டி இருந்தது. அதன் பின்தட்டு, மின்சாரம் பாய்ந்தால் இளகி, வேண்டிய வடிவத்தில் இறுகிக்கொள்ளும். வாரநாளில் சரக்கு அடுக்கு, முகூர்த்த நாளில் இருக்கை, மழைக்காலத்தில் கூண்டு. வடிவங்கள் நாற்பதுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பல வேலை. நீளத்தட்டில் பீரோ ஏற்றலாம், நோயாளியைப் படுக்கவைக்கலாம், பிணத்தையும் கொண்டுபோகலாம். அந்தச் சிக்கனத்தால்தான் வண்டி சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுபடியானது. உள்ளே இருந்த முன்னுணரி வீட்டார் பேச்சையும் வேலைகளையும் கவனித்து, அன்றைய தேவைக்கு ஏற்ப விடியும்போதே தட்டைத் தயார் செய்துவிடும். காரணத்தைத் தானாகச் சொல்லாது. கேட்டால் சொல்லும்.

போன வருடம் மேலத்தெருவில் ஒரு வண்டி, யாரும் சொல்லாமலே நீளத்தட்டாக நின்றது. அன்று சாயங்காலமே அந்த வீட்டில் ஒருவர் இறந்துபோனார். அதன்பின், தானாக வந்த நீளத்தட்டிடம் ஊரில் எவரும் காரணம் கேட்டதில்லை. சாவுச் சொல்லை வாசலில் நின்று யார் வரவழைப்பார்கள்?

பரமகுருவின் அப்பா ஆவுடையப்பன் பக்கவாதம் வந்து முன்னறையில் படுத்திருந்தார். கால் வராது, பேச்சு கொஞ்சம் குழறும். மற்றபடி நன்றாகத்தான் இருந்தார். கஞ்சி கொடுக்கும் மருமகள் மதிவதனியிடம், “இத மாட்டுக்கு வச்சா அது ஒன்னிய முட்ட வரும் தாயி” என்று நேற்றுகூடச் சொல்லியிருந்தார்.

மதியத்துக்குள் சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். திரவியம் சிலருக்குச் சொல்லியிருந்தார், தன் தங்கை செண்பகத்துக்குப் பரமகுருவே போன் செய்தான். சாத்தூரிலிருந்து வந்த அவள் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாரோ அவர் வாயில் பால் ஊற்றப் பார்த்தார்கள்.

“என்னலே இது,” என்றார் ஆவுடையப்பன். “அத்தன பேருக்கும் ஒரே நாள்லயா எம்மேல பாசம் பொங்கிட்டு?”

யாரும் சிரிக்கவில்லை. அவர் தலையைத் திருப்பி, ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தார்.

“அது எனக்குத்தாம்ல நிக்கி. நாந்தான்...”

“அந்தப் பேச்சே வேண்டாம்ப்பா,” என்று பரமகுரு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். செண்பகம் விம்மினாள்.

ஆவுடையப்பன் மகனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் ஏதோ சொல்லியிருக்கிறார், தன்னிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். சொல்ல வந்ததை அவர் முடிக்கவில்லை. சாயங்காலம் கஞ்சி வேண்டாம் என்றார். மறுநாளும் வேண்டாம் என்றார். வண்டி தினமும் நீளத்தட்டாகவே விடிந்தது. பரமகுரு வாடகை வண்டியில் சரக்கை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்தான். அந்த வாரக் கடைசியில் ஆவுடையப்பன் இறந்தார்.

“இன்னும் ரெண்டு மூணு வருஷம் இருப்பாருன்னுல்ல நெனச்சேன்,” என்றார் டாக்டர்.

அவரை அந்த வண்டியில்தான் கொண்டுபோனார்கள்.

காரியங்கள் முடிந்து, சொந்தங்கள் கிளம்பிப்போனபின் பரமகுரு பெட்டிகளை ஏற்ற வந்தான். தட்டு இன்னும் நீண்டே இருந்தது.

“இன்னும் என்ன?” என்றான். வண்டியிடம் அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“ஒரு பயணம் பாக்கி இருக்கிறது,” என்றது வண்டி. “மணப்பாடு கடற்கரை. ஆவுடையப்பன் ஐயா கேட்டது.”

“எப்பக் கேட்டாரு?”

“தட்டு நீண்டதற்கு முந்தின நாள், ஜன்னல் வழியாக. படுத்தபடியே போக வேண்டும், வானம் தெரிய வேண்டும், மீன் பொரிக்கிற வாசம் வரும் இடத்தில் நிறுத்த வேண்டும் என்றார். மருமகள் விடமாட்டாள், மகனுக்கு வேலை, நீ தயாராக நின்றால் அவனே என்னவென்று கேட்பான் என்றார். பயணத்தை ரத்து செய்யவா?”

பரமகுரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரத்து என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. பெட்டிகளை மறுபடியும் உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

அதனால் மறுநாளும் வண்டி நீளத்தட்டாகவே விடிந்தது. திரவியம் வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற பரமகுருவைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

“கேளுங்க மாமா,” என்றான் பரமகுரு. “என்னன்னு கேளுங்க.”

“நான் எதுக்கு மாப்ள அதெல்லாம் கேக்கேன்,” என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக உள்ளே போய்விட்டார்.

சற்று நேரத்தில் செண்பகம் போனில் பேசினாள். குரல் என்றைக்கும் இல்லாத மென்மையாக இருந்தது.

“ஒண்ணுமில்லண்ணே, சும்மாதான் போட்டேன். சாப்பிட்டியா? ஒடம்புக்கு ஒண்ணுமில்லல்ல? இந்தா, அடுத்த பஸ்ஸுக்கு நானும் புள்ளைகளும் வாரோம்.”