இரண்டு நிலா விளக்குகள்

அப்பாவுக்கு ஒரு பழக்கம். எந்தப் பொருள் வாங்கினாலும் அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களை நகத்தால் சுரண்டி எடுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அந்தப் பழக்கம் இப்போது வீட்டையே படுத்தி எடுத்தது.

அம்மாவின் வேலைக்காக அவர்கள் புது நாட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பழைய வீட்டு மின்சாரம் 110 வோல்ட். இங்கே 220.

மைனாவுக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு நிலா விளக்கு உண்டு. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும், பாட்டும் பாடும். ஓயாமல் பேசுவதால்தான் அவளுக்கு மைனா என்று பெயர். விளக்கு இல்லாமல் தம்பி தூங்கவே மாட்டான். கெட்டுவிடுமோ என்று பயந்து இங்கே அதை இன்னும் மாட்டவில்லை; அழுது அழுது அவன் கண் வீங்கியிருந்தது.

"இது 220-ஐத் தாங்குமாம்மா?" என்று கேட்டாள் மைனா.

"அடியில ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், பாரு."

அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"பார்க்க அழகா இருக்கட்டுமேன்னு..." அப்பா தலையைச் சொறிந்தார். "சரி, மாட்டித்தான் பார்ப்போமே!" என்று தம்பியின் விளக்கை எடுத்தார்.

"இருங்கப்பா! அது போயிட்டா தம்பி என்ன பண்ணுவான்? ரெண்டும் ஒண்ணுதானே? என்னோடத வச்சுப் பாருங்க."

சொல்லிவிட்டாளே தவிர, மைனா தன் விளக்கை இறுகக் கட்டிக்கொண்டாள்.

மின்சாதனங்களைச் சோதிப்பதுதான் அம்மாவின் வேலை. மறுநாள் எல்லோரையும் தன் பட்டறைக்கு அழைத்துப் போனாள். வோல்டேஜை மெல்ல மெல்ல ஏற்றும் பெட்டியில் மைனாவின் விளக்கை மாட்டினாள்.

"யாரும் கிட்ட வராதீங்க."

110-இல் நிலா ஒளிர்ந்தது, பாட்டும் வந்தது. 150-இல் கண் கூசியது. 180-இல் விளக்கு உறுமியது. அப்புறம் ஒரு 'டப்'! புகை வந்தது. அம்மா சட்டென்று சுவிட்சை அணைத்தாள்.

"தாங்கலடி கண்ணு. வோல்டேஜைக் குறைக்கிற பெட்டி வச்சாதான் தம்பியோடது எரியும்."

"என்னோடத சரிபண்ண முடியுமா?"

"தெரியலம்மா. பார்க்கிறேன்."

அன்று மாலை, புதுப் பெட்டியின் உதவியால் தம்பியின் நிலா எரிந்தது. அடியில் '110 மட்டும்' என்று அம்மா ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். அப்பாவின் விரல் மெல்ல அதை நோக்கி ஊர்ந்தது. தம்பி அந்த விரலில் ஓர் அடி போட்டான்.

பிறகு விளக்கை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் வைத்து, நிலாவின் ஒளிரும் முகத்தை அக்காவின் பக்கம் திருப்பினான்.

"முகம் உன் பக்கம் இருக்கட்டும்க்கா. எனக்குப் பாட்டு போதும்."