அறுநூற்றுப் பதினான்காம் குறி

கணினித் திரையில் ஒரு கட்டம் மட்டும் ஈரமாகத் தெரிந்தது. கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தாள். கண்ணாடி காய்ந்துதான் இருந்தது. ஈரம் உள்ளே இருந்தது.

மதியம் மூன்று மணி. குளிர்சாதனப் பெட்டியின் முனகலும், யாரோ குடித்து மிச்சம் வைத்த காப்பியின் புளித்த வாடையும், எங்கிருந்தோ சேற்று மணமும் கலந்த அந்த அறையில், ஆறு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. பல ஆயிரம் வருடத்துக்கு முந்தைய களிமண் பலகைகளில் நாணல் குச்சியால் அழுத்திய ஆப்பு வடிவ எழுத்துகளைப் படத்தில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். எண் கிடைத்துவிட்டால் உலகத்தில் உள்ள கணினி, கைபேசி எல்லாம் அதை எழுதும். கொடுத்த எண்ணைத் திரும்பப் பெற முடியாது, அதுதான் விதி. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. அவள் நிம்மதியாகத் தூங்கி மாதக்கணக்காகிறது.

நேற்று வந்தது கடைசிக் குறி, அறுநூற்றுப் பதினான்காவது. அது இருந்த நாற்பத்து மூன்று பலகைகளிலும் சிதைந்திருந்தது. சனியன் விட்டால் போதும் என்று, மிஞ்சிய ஓரங்களை ஒட்டுப்போட்டு முழுசாக வரைந்து அனுப்பிவிட்டாள்.

இப்போது ஈரமாகத் தெரிவது அதன் கட்டம்தான். பலகைப் படங்களைப் பெரிதாக்கினாள். அது சிதைவு இல்லை. மண் காய்வதற்குள் யாரோ அவசரமாகச் சுரண்டியிருந்தார்கள். ஒன்றில் முறிந்த நகம்கூட ஒட்டியிருந்தது. மற்ற எழுத்துகளில் நாணலின் நார்த்தடம் தெரிந்தது. இதில் இல்லை. நாற்பத்து மூன்றிலும் இல்லை. இதை எந்தக் குச்சியும் எழுதவில்லை.

மேலாளர் அறைக்கு ஓடினாள்.

“சார், அந்தக் கடைசிக் குறிய எடுத்துடுங்க.”

“விளையாடுறியாம்மா? காலையிலேயே எல்லாருக்கும் போயாச்சு. விட்ட அம்பு திரும்புமா? வீட்டுக்குப் போய்த் தூங்கு.”

கைபேசி அதிர்ந்தது. திரையில் கணவன், மடியில் குழந்தை.

“பாப்பா கன்னத்துல ஏதோ தடம் விழுந்திருக்கு. அழவே மாட்டேங்குறா. நீயே பாரேன்.”

சின்ன ஆப்பு. ஒன்று. பார்க்கும்போதே பக்கத்தில் இன்னொன்று. யாரும் தொடவில்லை. மூன்றாவது.

கணவன் விரலை நீட்டினான். அவள் கத்தினாள். “தொடாதீங்க! ஐயோ, தொடாதீங்க!”

அவன் தொட்டுவிட்டான். தேய்த்துப் பார்க்கத்தான். விரல் ஈரக் களிமண்ணில் புதைவதுபோல முதல் கணு வரை உள்ளே போனது. ரத்தம் இல்லை. பதறி விரலை எடுத்தான். குழி மூடவில்லை.

நான்காவது ஆப்பு மெல்ல அழுந்தியது. நேற்று அவள் வரைந்த குறி முழுசானது.

குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. சிரித்த வாய் அப்படியே இறுகி நின்றது.