இழுபடும் கால்

மருந்துக்கடையில் அவனுக்கு அறுநூற்று நாற்பது ரூபாய் பாக்கி. கிடங்கில் மூட்டை தூக்கும் அவனைக் ‘கிரேன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பு வலிக்கு ஒரு டாக்டர் எழுதித் தருகிற மாத்திரை பற்றாமல், மூன்று டாக்டர்களிடம் போய்க்கொண்டிருந்தான். முதல் டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். இரண்டாமவரிடம் இடது காலை இழுத்து நடந்தான். மூன்றாமவரிடம் கன்னத்தைப் பொத்திக்கொண்டு பல்வலி என்றான். நாளைக்கு லாரி வருகிறது. மாத்திரை இல்லாமல் குனிய முடியாது. குனியாதவனுக்கு அங்கே வேலையும் கிடையாது.

மழை விட்ட சாயங்காலம், டெட்டால் வாடையும் ஈரக்குடை வாடையும் கலந்து கிடந்த முதல் கிளினிக்கில், வாசலிலிருந்து டாக்டர் அறைவரை ஈரத் தடம் போயிருந்தது. வலது பாதம் மட்டும் பதிந்திருந்தது. இடதுக்குப் பதில் ஒரு நீண்ட இழுப்பு.

“இப்பத்தானே வாங்கிட்டுப் போனீங்க?” என்றாள் டோக்கன் தரும் பெண்.

“நானா? விளையாடுறியாம்மா?”

“கன்னம் வீங்கி, காலை இழுத்துக்கிட்டு… நீங்கதாண்ணே. பாவம்னு டாக்டர் ரெட்டிப்பா எழுதினாரு.”

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ தன் பிழைப்பில் மண் அள்ளிப் போடுகிறான். இரண்டாவது கிளினிக்குக்கு ஓடினான். அங்கும் அதே தடம்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவைய்யா வருவே?” என்று காவலாளி துரத்தினான்.

மூன்றாவது இடத்தில் நாற்காலி இன்னும் சூடாக இருந்தது.

வயிறெரிய வீட்டுக்கு நடந்தான். வாசற்படியில் அந்தத் தடம் ஏறியிருந்தது. இறங்கவில்லை.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மனைவியின் குரல்.

“மருந்துக்கடைப் பாக்கிய அடைச்சிட்டீங்களா? நெசமாவா?”

“மொத்தமும்.”

அவன் குரல். வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற அவனுடைய சொந்தக் குரல்.

கதவை அடித்தான். அடித்த சத்தமே வரவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தான். நனைந்திருந்தது. படியில் அதன் தடம் இல்லை.

குனிந்திருந்தான். இடுப்பு வலிக்கவில்லை.

எங்குமே வலிக்கவில்லை.

ஜன்னலுக்கு ஓடினான். கட்டிலில் குப்புறக் கிடந்த முதுகுக்கு அவள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீங்கிய கன்னம் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பியது.

சிரித்தது.

பல் இருக்க வேண்டிய இடமெல்லாம், வெள்ளை வெள்ளையாய், மாத்திரை.