மலைக்குத் தெரியும்படி ஒரு வெள்ளைத் துணி

ஹனான் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டி, ஒரு சாக்கு நிறைய கரித்துண்டு, ஆள் உயரத்துக்குப் பழுப்புத் துணிச் சுருள்கள். அல்ஜியர்ஸிலிருந்து வருகிற ஓவியர் என்றதும் வண்ணக் குப்பிகளோடு வருவாள் என்று நினைத்திருந்தேன். கரிமூட்டைக்காரி மாதிரி வந்து நின்றாள்.

"மலையை வரையணும்னா போட்டோவைப் பார்த்து வரைய வேண்டியதுதானே? இவ்வளவு தூரம் எதுக்கு வரணும்?" என்று கேட்டேன்.

"நான் வரையறதில்ல அண்ணே. மலையே வரையும். நான் துணியப் பிடிச்சுக்குவேன், அவ்வளவுதான்," என்று சிரித்தாள்.

அவள் செய்வது இதுதான். சண்டை நடந்த மலைகளாகத் தேடிப் போவாள். சாயங்காலம் மலையின் நிழல் ஊருக்குள் வரும்போது துணியை அதற்கு எதிரே கட்டிவிடுவாள். நிழல் துணியில் ஏற ஏற, அதன் விளிம்பைக் கரியால் பிடிப்பாள். பல வருடங்களாக இதே வேலையாகத் திரிகிறாள். எங்கள் அவ்ரேஸ் மலைப்பக்கம் அவளுக்குக் கடைசி. எனக்கு அரீஸ் டவுனுக்கும் ஊருக்கும் இடையே வேன் ஓட்டுகிற பிழைப்பு. மாடி அறை சும்மா கிடந்தது. அம்மா யமீனாதான் "வரட்டும்டா" என்றாள். என் மனைவி ஸெர்ஃபா மகளின் பிரசவத்துக்காகப் பத்னா போயிருந்தாள்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் வெள்ளைத் துணியை மாடியில் காயப்போட மாட்டார்கள். முற்றத்துக்குள்ளே, கொடியில், மேலே ஒரு கலர் துணியைப் போட்டு மூடித்தான் காயவைப்பார்கள். எந்தப் பெண்ணும் அதற்குக் காரணம் சொல்லமாட்டாள். சொல்ல வேண்டிய அவசியம் இருந்ததில்லை, எல்லோருக்கும் தெரியும்.

பிரெஞ்சுக்காரனோடு சண்டை நடந்தபோது எங்கள் ஆட்கள் அஸ்ரூ மலை உச்சிக்கு அந்தப்பக்கம் ஒரு குகையில் இருந்தார்கள். ஒருவன் மட்டும் உச்சியில் படுத்து எங்கள் மாடியையே பார்த்துக்கொண்டிருப்பான். மாடியில் வெள்ளைத் துணி தொங்கினால் பட்டாளம் இல்லை, இறங்கி வந்து ரொட்டி தின்னலாம். சிவப்புக் கம்பளி தொங்கினால் அசையக் கூடாது. கம்பளியும் துணியும் என் அம்மாவின் பொறுப்பு. அப்போது அவளுக்கு இருபது வயது. மலையில் இருந்தவர்களில் ஒருவர் என் அப்பா லக்மீஸி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் ஒரு காலை லாரிகள் வந்தன. அம்மா ஓடிப்போய்ச் சிவப்பைப் போட்டாள், சரியாகத்தான் செய்தாள். ஆனால் பட்டாளம் அன்று ஊரையே லாரியில் அள்ளிக்கொண்டு போய் முள்வேலி முகாமில் அடைத்துவிட்டது. யாரையும் திரும்ப விடவில்லை. ஆளில்லாத ஊரில் சிவப்பு மட்டும் மாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மலையில் இருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு விமானம் வந்து குண்டு போட்டது, குகை வாய் இடிந்து மூடிக்கொண்டது. பட்டினியில் செத்தார்களா, பாறையில் செத்தார்களா, யாருக்கும் தெரியாது. நான் அந்த முகாமில் பிறந்தவன்.

சண்டை முடிந்து ஊர் திரும்பியதும் அம்மா அந்தக் கம்பளியை இறக்கிப் பெட்டியில் வைத்துவிட்டாள். நான் ஒருநாளும் அதை விரித்துப் பார்த்ததில்லை.

ஹனான் வந்து இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் அரீஸிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தேன். ஊர் வளைவில் வண்டி திரும்பியதும் எங்கள் மாடி தெரிந்தது. மலைக்கு நேராக, முழு அகலத்துக்கு, கண் கூசுகிற வெள்ளை.

வண்டிக்குள் எல்லோரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

பின் சீட்டில் இருந்த பக்கத்து வீட்டுத் துஹாமி மெதுவாகச் சொன்னான். "பெல்காசெம், உன் வீட்டு மாடியில யாருடா அது?"

"படம் வரையுற பொண்ணு. அதுக்குத் தெரியாது. எடுக்கச் சொல்றேன்."

"எப்போலேருந்து தொங்குதோ," என்றான். இறங்கியதும் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். வாய் ஓயாதவன், போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

எங்கள் நாய் வேனுக்கு அடியில் புகுந்துகொண்டது. கூப்பிட்டும் வரவில்லை.

அடுப்படியில் அம்மா உட்கார்ந்து கெஸ்ரா சுட்டுக்கொண்டிருந்தாள். சுட்ட ரொட்டிகள் பக்கத்தில் கோபுரமாக இருந்தன. ஊர்க் கல்யாணத்துக்குப் போதும்.

"யாருக்கும்மா இவ்வளவு ரொட்டி?"

"வர்றவங்களுக்கு."

"யாரு வர்றா? மேல அந்தப் பொண்ணு வெள்ளைத் துணியைக் கட்டியிருக்கா. ஊரே கதவைச் சாத்திக்கிட்டுக் கிடக்கு. நீ பார்க்கலையா?"

"அவ துணி நேத்து மழையில நனைஞ்சு போச்சு. நான்தான் என் கல்யாண விரிப்பை எடுத்துக் குடுத்தேன்." அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "போடா, போய் மூஞ்சி கழுவு. தூசி தட்டுனா ஒரு மூட்டை வரும்."

அம்மாவிடம் கோபப்பட்டுப் பழக்கமில்லை. மாடிக்கு ஓடினேன்.

ஹனான் துணிக்கு முன்னால் மண்டிபோட்டிருந்தாள். நிழல் துணியின் அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவள் கையில் கரி, ஆனால் கை நின்றுவிட்டிருந்தது.

"அண்ணே, உச்சியில மரம் இருக்கா?"

"மொட்டைப் பாறை. ஒரு புல்லு கிடையாது."

"அப்ப இது என்ன?"

பார்த்தேன். நிழலின் விளிம்பு மலையின் அதே கோடுதான், பிறந்ததிலிருந்து பார்க்கிற கோடு. ஆனால் அந்தக் கோட்டின் மேல் சிறு சிறு முண்டுகள் இருந்தன. வரிசையாக.

தலைகள்.

அவை நகர்ந்தன. முதல் தலை மலைக்கோட்டுக்குள் இறங்கி மறைந்தது. அடுத்தது மறைந்தது. அதற்கடுத்தது.

"போயிட்டாங்க," என்று ஹனான் மூச்சு விட்டாள்.

போகவில்லை. உச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கிவிட்டார்கள்.

துணியை அவிழ்க்கப் போனேன். அம்மா போட்ட முடிச்சு, நகம் கிழிந்ததுதான் மிச்சம். மலைச் சரிவில் கல் உருண்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு கல், இன்னும் பக்கத்தில். நல்ல கோடையில் பனியின் வாடை வந்தது. அதோடு நனைந்த கம்பளி, பழைய புகை. ஹனான் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒன்றுக்கும் உதவவில்லை.

வாசலில் காலடி கேட்டது.

வீட்டுக்குள் அம்மா தனியாக இருந்தாள். அந்த நினைப்பில்தான் கீழே இறங்கினேன், தைரியத்தில் இல்லை.

கதவு திறந்து கிடந்தது. நிலைப்படியில் ஒரு பையன் நின்றான். இருபத்துநான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் கிழிந்த பர்னூஸ் அங்கி, தாடியில் கல் தூசி. கண்ணாடியில் நான் இளவயதில் பார்த்த அதே மூஞ்சி. அவன் பின்னால் முற்றத்துச் சுவரை ஒட்டி இன்னும் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"பெரியவரே, பட்டாளம் போயிருச்சா?"

அவனே தொடர்ந்தான்.

"வெள்ளை தெரிஞ்சுது. அதான் வந்தோம். யமீனா உள்ள இருக்காளா?" தயங்கினான். "மெதுவாக் கூப்பிடுங்க. அவ முழுகாம இருக்கா. பயந்துரப் போறா."

அவள் வயிற்றில் இருந்தது நான். அதை எப்படி அவரிடம் சொல்வேன்? ஐம்பது வயதில், தொப்பையும் நரையுமாக, என் அப்பாவின் முன்னால் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றேன். அப்பா என்று ஒரு முறை கூப்பிட்டிருக்கலாம். வாழ்க்கையில் ஒருமுறையும் சொல்லிப் பழகாத சொல் அது.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். முதுகில் ரொட்டி மூட்டை. கையில் சிவப்புக் கம்பளி, சாயம் இம்மியும் போகவில்லை. அவர் அவளைப் பார்த்த பார்வையில் அவளுடைய நரையோ கூனோ இல்லை.

"யம்மா, போகாதே." அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுடா. ஐம்பது வருஷமா இவங்களைக் காக்க வச்சிருக்கேன்."

"நீ என்ன பண்ணினே? உன்னை லாரியில ஏத்தினாங்க. உன் தப்பு இல்லையேம்மா."

"தப்புன்னு யாருடா சொன்னா? பசியோட இருக்காங்க." என் கன்னத்தில் தட்டினாள், மாவு ஒட்டிய கை. "அடுப்பை அணைச்சிரு. நீ பின்னால வராதே."

இறுக்கிப் பிடித்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் பலம் முழுவதையும் போட்டேன். குழந்தையின் விரலைப் பிரிப்பது போல அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். என் கால்கள் அசையவில்லை. அவர்கள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

மேலே ஹனான் அழுதுகொண்டிருந்தாள். கொடியில் விரிப்பு இல்லை. நான் நகம் கிழித்துக்கொண்ட முடிச்சுகள் அவிழாமல் கயிற்றில் அப்படியே இருந்தன.

விடிந்ததும் ஊர் முழுக்கத் தெருவில் நின்று மலையைப் பார்த்தது. உச்சிப் பாறையில், எங்கள் ஊருக்கு நேராக, சிவப்புக் கம்பளி விரிந்து கிடந்தது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். துஹாமி மார்பில் கைவைத்துத் தடுத்தான். "எங்கடா போறே, கூறு கெட்டவனே? சிவப்பு தெரியுதுல்ல?"

"என் அம்மாடா."

"உன் அம்மாதான் போட்டிருக்கா. வராதேங்கிறா. அவளை விட யாருக்குடா அந்தப் பாஷை தெரியும்?"

போலீஸ் ஜீப் வந்தது. இரண்டு பேர் மேலே ஏறிவிட்டு வந்தார்கள். கம்பளி எதுவும் இல்லை, ஆள் எவரும் இல்லை, குகையை மூடிய பாறை ஒரு விரல்கூட நகரவில்லை என்றார்கள். அவர்கள் அதைச் சொல்லும்போதே அவர்கள் தலைக்கு மேலே எங்களுக்குச் சிவப்பு தெரிந்தது.

ஹனான் அன்றே ஊரைவிட்டுப் போனாள். துணி, கரி எல்லாவற்றையும் இங்கேயே போட்டுவிட்டாள். எப்போதாவது போன் செய்வாள். "நான்தானே அண்ணே கூப்பிட்டேன்?" என்பாள். இல்லை என்பேன். ஆமாம் என்று சொன்னாலும் இல்லை என்று சொன்னாலும் அவளுக்குத் தூக்கம் வரப்போவதில்லை. வேறு எந்த மலைக்கும் அவள் போவதில்லையாம்.

குளிர்காலம் வந்து அஸ்ரூ முழுக்க வெளுத்தது. கம்பளி மேல் மட்டும் பனி நிற்கவில்லை. தினமும் காலையில் மாடிக்குப் போய் அது இருக்கிறதா என்று பார்ப்பேன். "இன்னிக்கு ஒருநாளாவது அந்த மலையைப் பார்க்காம காப்பி குடியேன்," என்று ஸெர்ஃபா கெஞ்சுவாள். என்ன செய்வது? அது இருக்கிறவரை அம்மா என்னை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். சிவப்பைப் பார்த்து ஒருவனுக்கு நிம்மதி வரும் என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இன்று காலையும் மாடிக்குப் போனேன். பனி உருகிவிட்டது, மலை கறுப்பாக, மொட்டையாக நிற்கிறது.

சிவப்பு இல்லை.

உச்சிப் பாறையில், முழு அகலத்துக்கு, அம்மாவின் கல்யாண விரிப்பு தொங்குகிறது.

துஹாமி வீட்டு ஜன்னல் சாத்தியிருக்கிறது. கீழே ஸெர்ஃபா காப்பி குடிக்கக் கூப்பிடுகிறாள். இதோ வருகிறேன் என்று சொன்னேன். சுட்ட கெஸ்ராவின் மணம் காற்றில் வருகிறது, அது எங்கள் அடுப்படியிலிருந்து வரவில்லை.

குனிந்து பார்த்தேன். காலில் செருப்பு இருக்கிறது. எப்போது போட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை.